கழுவாமல் வந்த கால்

தவக்காலத்து நாலாவது ஞாயிறு. கள்ளக்குறிச்சிக் கோயிலில் எட்டு மணிப் பூசை. வெயில் அப்போதே ஏறிவிட்டது. மேலே சுற்றிய ஃபேன் கூரைச் சூட்டைத்தான் தலையில் இறக்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பங்குச் சாமியார் அன்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. நல்ல பிள்ளை. பேசுகிறபோது அவர் முகமே பிரகாசமாகிவிடும்.

"அன்புக்குச் சலிப்பே கிடையாது" என்றார். "அது எப்படி இருக்கும்னு வெளியே எங்கேயும் தேட வேணாம். அதோ, தூண் ஓரமா உட்கார்ந்திருக்காங்களே நம்ம பெரியநாயகியம்மா, அவங்களைப் பாருங்க. பெத்த பிள்ளைங்களே செய்யாததைத் தன் நாத்தனாருக்கு ரெண்டு வருஷமா செய்யறாங்க. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாங்களா?"

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நானும்தான் பார்த்தேன், கண்ணுங்களா. பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். அவள் மடியில் ஒரு ஒயர் கூடை இருந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. கல்வராயன் மலைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் அந்த நாத்தனாரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான விண்ணப்பம் அது. பூசை முடிந்ததும் சாமியாரிடம் கையெழுத்து வாங்கலாம் என்றுதான் அன்றைக்கு வந்திருந்தாள். பிரசங்கம் அப்படி ஆனதும் நற்கருணைகூட வாங்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக எழுந்து போய்விட்டாள். இதெல்லாம் பின்னால் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரியநாயகிக்கு ஐம்பது வயசு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனால் போதும். ஒரே மகள் ஜீவாவைத் திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்தாச்சு.

நாத்தனார் தங்கமணி, பெரியநாயகியின் புருஷன் தனசேகரனுக்கு அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எலவனாசூர்கோட்டையில் தம்பி வீட்டிலேயே அதிகாரம் பண்ணிக்கொண்டு இருந்தவள். தனசேகரன் கரும்பு டிராக்டர் ஓட்டினவன். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், லோடு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் பெண்டாட்டிதான் உட்காருவாள், அதுதான் வழக்கம். தங்கமணி அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "என் தம்பிய முழுங்கினவ இங்க ஒக்காரக் கூடாது" என்றாள். யாரும் தட்டிக்கேட்கவில்லை. ரெண்டு வயசு ஜீவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியநாயகி வாசற்படி ஓரமாக நின்றாள். பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் நாலு மணி நேரம் நின்றாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தங்கமணி அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள், அந்தப் படியும் அவளுக்கு இல்லாமல் போனது.

அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எலவனாசூர்கோட்டையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள். தங்கமணிக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி, ஆஸ்பத்திரியில் வலது காலில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டில் தனியாகக் கிடக்கிறாள், நாற்றம் தாங்கவில்லை, யாரும் கிட்டே போவதில்லை என்றாள். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பெரியநாயகி போனாள். போய்ப் பார்த்தால் அந்தக் காலில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவளைக் கள்ளக்குறிச்சிக்குத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எறும்பத் தட்டிவுட்டேன்கா" என்று என்னிடம் சொன்னாள். "தட்டிவுட்ட கை அப்படியே மாட்டிக்கிச்சு."

*

தினமும் காலை அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பாள். பழைய கட்டை நனைத்து நனைத்துப் பிரிக்க வேண்டும், இழுத்தால் தோலோடு வரும். கழுவி, ஒற்றி, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போட முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் நர்சுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதுக்கப்புறம் சமையல், நாத்தனாருக்குக் குளியல், மாத்திரை. ஏழரைக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் இதே டெட்டால் வாசனை. சாயங்காலம் வந்தால் மறுபடியும் அடுப்பு, துணி, பெட்பேன்.

தங்கமணிக்குக் கால்தான் போயிருந்தது. வாய் அப்படியே இருந்தது.

"சோத்துல உப்பு கம்மி."

"உப்பு கம்மியாதான் போடச் சொல்லியிருக்கறாங்க, அண்ணி."

"யாரு, டாக்டரா? அவனை வந்து துன்னச் சொல்லு." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீ மெலிஞ்சி போயிக்கினே வர்ற. நான் பட்டினி போட்டு வச்சிருக்கேன்னு ஊர்ல சொல்லுவாங்க."

பெரியநாயகி தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேணும் இல்லையா. ராத்திரி ஜீவா போன் பண்ணினால், "அத்தைய எங்கனா சேர்த்துட்டு இங்க வந்துடும்மா" என்பாள். "பார்ப்போம்டி" என்பாள் இவள். அவ்வளவுதான்.

அந்தத் தாளை ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த மலை இல்லத்துச் சிஸ்டர் ஒருத்தர்தான் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்தால் ஒரு கட்டில் காலியாகும். பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். தாளை நாத்தனாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

பிரசங்கத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலைக்காரர், பெயர் வெள்ளையன். சந்தையில் புளி போட்டுவிட்டு, உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பேச்சுக் கொடுத்ததில் அவரும் அதே இல்லத்துக்குத்தான் போகிறார் என்று தெரிந்தது. அவர் சம்சாரம் ராணியம்மாளுக்குக் கை கால் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். செவ்வாய்க்குச் செவ்வாய் போய்ப் பார்ப்பாராம்.

"நீங்க யாரைச் சேக்கறதுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"நாத்தனா."

"நாத்தனாவா!" என்று பெரியவர் சிரித்தார். "அது சாமி சேத்து வச்ச சண்டையாச்சே."

பெரியநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு அப்புறமோ. பிறகு மெதுவாகக் கேட்டாள். "கொண்டாந்து வுட்டுட்டுப் போனீங்களே, உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லீங்களா?"

"மொத வாரம் வெக்கமா இருந்துச்சும்மா. ரெண்டாவது வாரம் தூங்கினேன். தூங்கினேன் தூங்கினேன், ஆட்டை அவுத்து வுடக்கூட எழுந்திருக்கல. மூணாவது வாரம் போயி அவ பக்கத்துல ஒக்காந்து பேசினேன். வூட்ல இருந்தப்ப பேச எங்க நேரம்? பொரட்டிப் போடவும் தொடைக்கவுமே பொழுது போயிடும். அவளால பேச முடியாது. முன்னாடி பேசினதே போதும், இப்ப நாந்தான் பேசறேன்."

இல்லம் சின்னதுதான். ஓட்டுக் கட்டடம், முன்னால் பலா மரம், சுத்தமான கட்டில்கள். சிஸ்டர் சுற்றிக் காட்டினார். "ஈஸ்டருக்கு முன்னாடி சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லிடுங்கம்மா. இதுக்கு வேற ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பெரியநாயகி அந்தக் காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நாத்தனாருக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்க உட்காரவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டால் என்ன என்றுதான் தோன்றியதாம்.

*

குருத்து ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை சாயங்காலம் சாமியாரைப் பார்க்கப் போனாள். நாங்கள் பழைய ஆட்கள், ஃபாதர் என்று வாயில் வராது, சாமி என்றுதான் வரும்.

"சாமி, ரெண்டு காரியம். இந்தத் தாளுக்கு ஒரு கடுதாசி வேணும். அப்புறம், இனிமே பிரசங்கத்துல என் பேரைச் சொல்லாதீங்க."

சாமியார் தாளைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"ஏம்மா?"

"அன்பு சலிக்காதுன்னு சொன்னீங்க. எனக்குச் சலிச்சிப் போச்சு. மொத மாசமே சலிச்சிப் போச்சு. அந்தக் காலைப் பார்த்தா எனக்குப் பாசம் ஒண்ணும் வரல சாமி, எப்படா முடியும்னுதான் வருது. அவங்க தூங்கறப்ப மூச்சு வருதான்னு பார்ப்பேன். ஐயோ, இன்னும் வருதேன்னு இருந்த நாளும் உண்டு. இதப் போயி அன்புன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டீங்க. திருடிட்டு மாட்டின மாதிரி ஒக்காந்திருந்தேன்."

சாமியார் பேனாவை மூடி மூடித் திறந்தார். "இன்னைக்குக் காலையில கட்டு மாத்தினீங்களா?"

"மாத்தாம?"

"நாளைக்கு?"

"மாத்தலன்னா புழு வச்சிடும் சாமி. அது அன்பா? புழு வைக்கக் கூடாதுன்றது, அவ்ளோதான்."

தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.

"ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவினாருன்னு நான் வருஷத்துக்கு ஒரு நாள், பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர் காலைக் கழுவறேன்" என்றார். "அதுவும் வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேய்ச்சிட்டு வர்ற கால். நான் உங்களுக்கு என்னம்மா சொல்றது? சலிக்காதுன்னு சொன்னேனே, அது படிச்சதை வெச்சுச் சொன்னது. ஆண்டவரே ஒரு நாள் நடந்து நடந்து களைச்சுப் போய், உச்சி வெயில்ல கிணத்தடியில உட்கார்ந்து, முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்டத் தண்ணி கேட்டாரு. அதை நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "சேர்க்கறதும் சேர்க்காததும் உங்க இஷ்டம். எதைச் செஞ்சாலும் பிரசங்கத்துல வராது."

அதை வாங்கிக்கொண்டு வந்து, விண்ணப்பத்தோடு சேர்த்து மடித்து, பழையபடி அரிசிப் பானைக்குள் வைத்தாள். அன்றைக்கும் அவளுக்கு முடிவு வரவில்லை. அனுப்பினால், கால் போய்க் கிடக்கிறவளைத் தள்ளிவிட்ட மாதிரி. அனுப்பாவிட்டால், இன்னும் ஒரு வருஷம் தாங்குமா இந்த உடம்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

*

பெரிய வியாழன் காலையில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது தங்கமணி சொன்னாள். "கட்டு சின்னதாப் போடு. சாயங்காலம் கோயிலுக்குப் போறோம். காலு கழுவற பன்னெண்டு பேருல நானும் ஒருத்தி."

பெரியநாயகி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு பேரு குடுத்தது?"

"நாந்தான். கோயில் வேலையெல்லாம் பார்க்கற உபதேசியாரு கலைவாணனுக்குப் போன் போட்டேன். இந்த வருசம் பொம்பளைங்களையும் ஒக்கார வைக்கறாங்களாம். ஒருத்தி பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டாளாம், எடம் காலி. ‘உங்களுக்கு எதுக்கும்மா செரமம்’ன்றான். காலு கழுவற சடங்குல காலு நோவுக்காரிக்கு எடமில்லன்னா வேற எவளுக்குடா எடம்னு கேட்டேன். உடனே எழுதிக்கினான்."

"அண்ணி, உங்களப் படி ஏத்தி எறக்கறதுக்குள்ள என் இடுப்பு போயிடும். இன்னைக்கு எனக்கு வேலை வேற ஜாஸ்தி."

"ஆட்டோக்காரனை ஒரு கை புடிக்கச் சொல்லு. ரெண்டு வருசமா எங்கனா கூட்டினு போன்னு கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லை. அது உண்மைதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். அஞ்சே காலுக்குத்தான் விட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து, நாத்தனாருக்குச் சேலை மாற்றி, தலை வாரி, ஆட்டோவில் ஏற்றினாள். தான் முகம் கழுவவில்லை. காலையில் கட்டின அதே சேலை. பினாயில் தண்ணீரில் ஊறி, ரோட்டுப் புழுதி படிந்த அதே கால்.

எங்கள் கோயிலில் ஒரு வேடிக்கை உண்டு, கண்ணுங்களா. சாமியார் கால் கழுவப் போகிறார் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டில் அரை மணி நேரம் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். பித்தவெடிப்புக்குக் களிம்பு, மேலே கொஞ்சம் பவுடர். மலர்விழி டீச்சர் நகச்சாயமே பூசிக்கொண்டு வந்திருந்தாள். பீடத்துக்கு முன்னால் ஒரு வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது நாற்காலியில் தங்கமணி, பக்கத்தில் டீச்சர். பெரியநாயகி சுவர் ஓரமாக, நாத்தனாரின் ஊன்றுகோலையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெண்கள் பக்கம் மூணாவது வரிசையில் இருந்தேன். இனி நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். உபதேசியார் கலைவாணன் செம்பும் தாம்பாளமும் பிடித்து வந்தார். ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் தண்ணீர், ஒரு ஒற்று, குனிந்து ஒரு முத்தம். தாம்பாளத்துத் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிந்து கிடந்தது. எட்டுப் பேர் முடிந்தது.

தங்கமணி முன்னால் முழங்கால் போட்டு, கட்டுப் போடாத இடது காலுக்குக் கை நீட்டினார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வாணாம் சாமி" என்றாள். மெதுவாகப் பேச அவளுக்கு எங்கே வரும். "இது தெனம் கழுவற காலு. ரெண்டு வருசத்துல ஒரு நாளு தப்பினதில்ல. அதோ செவுரு ஓரமா நிக்கறா பாருங்க. அவ காலை யாரும் கழுவினதில்ல."

பாட்டு நின்றுபோனது.

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. காலை நீட்டுங்க."

"நீட்ட மாட்டேன். நீ வந்து ஒக்காரு."

"நான் வேலை செஞ்சிட்டு அப்படியே வந்திருக்கேன் அண்ணி…"

"வா!"

சொல்லிவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்துத் தங்கமணி எழுந்து நின்றுவிட்டாள். ரெண்டு காலையும் ஊன்றி, கட்டுப் போட்ட காலையும் சேர்த்து ஊன்றி. "நான் நிக்கறேன். எத்தினி நேரம் வேணா நிக்கறேன். நீ ஒக்காரு."

"ஐயோ, அந்தக் காலை ஊணாதீங்க! நேத்துதானே ரத்தம் நின்னுது!" பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தோளைப் பிடித்தாள் பெரியநாயகி. உட்கார வைக்கப் பார்த்தாள். அந்த அம்மா உட்காரவில்லை. இவள் தோளைப் பிடித்து அழுத்தினால் அவள் இவள் கையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் தள்ளுகிறாள். பீடத்துக்கு முன்னால் ரெண்டு பொம்பளைகளின் தள்ளுமுள்ளு. பின்னால் யாரோ சிரித்தார்கள். கட்டுத்துணியில் சிவப்பு ஊற ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் பெரியநாயகி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் உட்கார்ந்தால்தான் நாத்தனார் உட்காருவாள் என்று புரிந்துவிட்டது. மலர்விழி டீச்சர் எழுந்து தன் நாற்காலியைத் தங்கமணிக்கு விட்டாள். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு.

சாமியார் பெரியநாயகியின் காலைப் பிடித்தார்.

"சாமி, அழுக்கு" என்று இழுத்தாள்.

"தெரியுது" என்றார் அவர். விடவில்லை.

ஒரு செம்புத் தண்ணீர் போதவில்லை. தாம்பாளம் செம்மண் நிறமாகிவிட்டது. "இன்னொரு செம்பு" என்றார். கலைவாணன் ஓடினார். கட்டை விரலால் குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அது சடங்கு மாதிரியே இல்லை. உண்மையிலேயே ஒருத்தர் இன்னொருத்தர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சாமியாரின் வெள்ளைத் துண்டு பாழாய்ப் போனது. பெரியநாயகி அழுதாள் என்று எங்கள் ஊரில் சில பேர் சொல்வார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப தூரம் நின்றுகொண்டே வந்தவளுக்கு பஸ்ஸில் இடம் கிடைத்தால் மூடுவாளே, அப்படி.

*

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தங்கமணி கேட்டாள். "மலைக்கு எப்ப போறோம்?"

"தாளைப் பார்த்துட்டீங்களா?"

"கட்டிலாண்ட இருக்கற அரிசிப் பானையில வச்சா பார்க்க மாட்டாங்களா? காலுதானே போச்சு, கண்ணு இருக்குதே. படிக்கவும் தெரியும்."

"கோவமா அண்ணி?"

"ரெண்டு நாளு கோவம். அப்புறம் ஒரு ராத்திரி நீ சோறு துன்னுக்கினே தூங்கிட்ட. ஒக்காந்தபடியே. கையில சோத்த வச்சிக்கினு. பார்த்தேன். எழுப்பலாம்னா எனக்கு எழுந்து வர முடியல." காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். "அன்னைக்குத் தம்பி தலைமாட்டுல உன்ன ஒக்கார வுடல. படியோரமா நின்னுக்கினே இருந்த. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"வுடுங்க அண்ணி, பழசு."

"வுடறதுக்கு ஒண்ணும் இல்ல. சொல்றேன், அவ்ளோதான்."

மன்னிச்சிட்டேன் என்று பெரியநாயகி சொல்லவில்லை. வாய் வரவில்லை என்றாள் என்னிடம். ரத்தம் ஊறின கட்டு முழுவதும் பிரிந்தது. "வலிக்குதா?" என்றாள். "வலிக்காம?" என்றாள் தங்கமணி. கழுவி, ஒற்றி, புதுக் கட்டுப் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டருக்குப் போன் பண்ணினாள்.

"சிஸ்டர், கூட்டினு வர்றேன். ஆனா நாப்பது நாளைக்கு மட்டும். ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள் வரைக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நாற்பது நாளா? இது லாட்ஜ் இல்லம்மா."

"எனக்குத் தூங்கணும் சிஸ்டர். தூங்கிட்டு வந்து கூட்டினு போயிடறேன்."

சிரிப்பு நின்றது. "நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க. நீங்க வருவீங்களா?"

பெரியநாயகி யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. "வருவேன்னுதான் நெனைக்கிறேன் சிஸ்டர்."

"சரி, வாங்க" என்றார் அவர்.

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் மலைக்குப் போனார்கள். அங்கே ஒரு இளம் சிஸ்டருக்குக் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தாள். தண்ணி ஆறியிருக்கணும், ஆனா ஜில்லுன்னு இருக்கக் கூடாது. சுண்டு விரல் பக்கம் முதல்ல பிரிக்கக் கூடாது, அங்கதான் ஒட்டிக்கும். வலிச்சா சொல்ல மாட்டாங்க, சேலைத் தலைப்பைக் கடிப்பாங்க, அப்ப நிறுத்திடுங்க. உப்பு கம்மின்னு திட்டுவாங்க, காதுல வாங்காதீங்க. இளம் சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

"இன்னாடி, என் சரித்திரமே சொல்லிக்கினு இருக்கற" என்றாள் கட்டிலில் இருந்து தங்கமணி. "கெளம்பு. கடைசி பஸ் போயிடும்."

கிளம்பினாள். கதவுக்கிட்டே போய்த் திரும்பிப் பார்த்தாள். தங்கமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பஸ்ஸில் வெள்ளையன் பெரியவர் இருந்தார், ராணியம்மாளைப் பார்த்துவிட்டுக் கீழே மகள் வீட்டுக்குப் போகிறார். நடுவில் ஒரு புளி மூட்டை. "வுட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். பெரியநாயகி தலையாட்டினாள். மூணாவது வளைவு திரும்புவதற்குள் அவள் தலை அந்த மூட்டைமேல் சாய்ந்துவிட்டது. அவருக்குக் கச்சிராயபாளையத்தில் இறங்க வேண்டும். மூட்டையை எடுத்தால் எழுந்துவிடுவாளே என்று கள்ளக்குறிச்சி வரைக்கும் சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறார். கண்டக்டர் வந்து எழுப்பியபோது அவள் கன்னத்தில் சாக்கு அச்சு பதிந்திருந்தது.

நாற்பது நாள் என்றாள் அல்லவா. முப்பத்தைந்தாம் நாளே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அஞ்சு நாள் முன்னாடியே ஏம்மா போன?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கெழமைதானேக்கா எனக்கு லீவு."

"அடுத்த செவ்வாய் போயிருக்கலாமே."

கொதித்த தண்ணீரை இறக்கி ஆறவைத்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, ஆனால் களைப்பு போகவில்லை. உள்ளேயிருந்து தங்கமணி எதற்கோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அது நாப்பத்திரெண்டு நாளு ஆயிடுமேக்கா" என்றாள்.